இதய வால்வு மாத்தின அம்மாவுக்கு மறுபடியும் லீக்: டிவைஸ் வெச்சு அடைக்கறதா, திரும்ப ஓப்பன் பண்றதா?

செந்தில்_கொளத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 53. சின்ன வயசுல மூட்டு வலியோட காய்ச்சல் வந்திருக்கு, அதுல வால்வு சுருங்கிப்போனது 2017ல தான் தெரிஞ்சுது, அந்த வருஷமே மைட்ரல் வால்வை (இதயத்துல இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கறது) எடுத்துட்டு மெட்டல் வால்வு வெச்சாங்க. அதுக்கப்புறம் நல்லா தான் இருந்தாங்க. சத்துணவு சென்டர்ல சமையல் வேலை, பெரிய பெரிய பாத்திரம் எல்லாம் தூக்குவாங்க. ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு அசிட்ரோம் மாத்திரை தவறாம போடறாங்க, ரத்தம் உறையற அளவை காட்டற ஐஎன்ஆர் டெஸ்ட் மாசாமாசம் பாக்கறோம், 2.5க்கும் 3.5க்கும் நடுவுல தான் வரும்.

பொங்கலுக்கு அப்புறம் தான் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. எங்க வீடு ரெண்டாவது மாடி, ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு மூச்சு வாங்கறாங்க, ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சா தான் படுக்க முடியுது, சாயங்காலம் கால் வீங்கிடுது. கண்ணு லேசா மஞ்சளா இருக்கு, காலையில யூரின் ரொம்ப அடர்த்தியா பழுப்பா போகுதுன்னு சொல்றாங்க. டெஸ்ட் பண்ணா ஹீமோகுளோபின் 8.1, பிலிரூபின் கொஞ்சம் கூட. பக்கத்து வீட்டு அத்தை காமாலை தான்னு சொல்லி கீழாநெல்லி அரைச்சு குடுக்க சொல்றாங்க, இன்னும் குடுக்கல.

எக்கோ பார்த்துட்டு வால்வு நல்லா வேலை செய்யுது, ஆனா வால்வுக்கு பக்கத்துல லீக் இருக்கு, பாராவால்வுலர் லீக், மாடரேட்னு எழுதியிருக்காங்க. கார்டியாலஜிஸ்ட் தொடை வழியா டிவைஸ் வெச்சு அடைக்க பாக்கலாம்னு சொல்றார். இன்னொரு இடத்துல சர்ஜன் கிட்ட காட்டினோம், அவர் ரீடூ ஆபரேஷன், அதாவது திரும்ப ஓப்பன் பண்றது தான் சரின்னு சொல்றார். அம்மா ஒரே பேச்சு தான், திரும்ப நெஞ்சை பொளக்க விடமாட்டேன்னு. எனக்கு பயமா இருக்கு, ராத்திரி எல்லாம் தூக்கமே இல்ல. இந்த மாதிரி யார் வீட்டுலயாவது நடந்திருந்தா என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. புது வால்வு எப்படி லீக் ஆச்சு, எங்க மேல ஏதாவது தப்பா, அதுவும் புரியல.

எக்கோலேப்_மீனா

தம்பி, நான் எக்கோ டெக்னீஷியன், டாக்டர் இல்ல, ஆனா இந்த லீக்கை தினமும் ஸ்க்ரீன்ல பாக்கறவ. முதல்ல உங்க தப்பு எதுவும் இல்ல, அம்மா தப்பும் இல்ல, பாத்திரம் தூக்கினதால வந்ததும் இல்ல. அதை மனசுல இருந்து எடுத்துடுங்க.

வால்வு லீக்னு ஒரே வார்த்தையில சொல்லிடறாங்க, ஆனா எங்க லீக்ங்கறது தான் வைத்தியத்தையே மாத்தும். வால்வுக்கு உள்ள லீக் இருக்கறது ஒண்ணு. அதுல மெட்டல் வால்வுல ரெண்டு இதழும் மூடும்போது சின்ன சின்ன கோடா ரத்தம் பின்னாடி வரும், அது கம்பெனியே அப்படித்தான் டிசைன் பண்ணியிருக்காங்க, இதழ் ஓரத்துல ரத்தம் தேங்கி கட்டி புடிக்காம இருக்கறதுக்கு, அதை பார்த்து யாரும் பயப்பட வேணாம். ஆனா ரத்தக்கட்டியோ சதையோ வளர்ந்து இதழ் பாதியில நின்னுட்டாலும் உள்பக்கமா தான் லீக் ஆகும், அது எமர்ஜென்சி. திசு வால்வா இருந்தா வருஷம் ஆக ஆக இதழ் தடிச்சு கிழிஞ்சு லீக் ஆகும், அதுக்கு இப்ப பழைய வால்வுக்குள்ளேயே புது வால்வை தொடை வழியா வெக்கறாங்க. உங்க அம்மாவுக்கு இது எதுவுமே இல்ல. ஜன்னல் கதவு சரியா மூடுது, ஆனா சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல இடுக்கு விழுந்து மழைத் தண்ணி உள்ள வருதுன்னு வெச்சுக்கோங்க, பாராவால்வுலர்னா அது தான். வால்வோட வளையத்தை இதயத்தோட திசுவுல வெச்சு தைக்கறாங்க, அந்த திசு சுண்ணாம்பு படிஞ்சு இருந்தாலோ, ரொம்ப மெலிசா இருந்தாலோ, கிருமி புடிச்சாலோ, ஏதோ ஒரு இடத்துல தையல் விட்டுப்போகும். மைட்ரல்ல இது கொஞ்சம் அதிகமாவே வரும். பல பேருக்கு சின்னதா இருக்கும், வருஷக்கணக்கா ஒண்ணும் பண்ணாது, எக்கோ மட்டும் பாத்துட்டு விட்டுடுவாங்க. உங்க அம்மாவுக்கு மூச்சு வாங்குது, ரத்தமும் குறையுது, அதனால சும்மா பாத்துட்டு இருக்கற கேஸ் இல்ல.

அந்த மஞ்சளும் பழுப்பு யூரினும் கல்லீரலால வந்த மாதிரி தெரியல. அந்த இடுக்கு வழியா ரத்தம் வேகமா பீச்சி அடிக்கும்போது சிவப்பு அணுக்கள் உடையுது, ஹீமோலிசிஸ்னு சொல்லுவாங்க. ஒடஞ்ச அணுவுல இருந்து வர்றது தான் பிலிரூபினை ஏத்துது. எல்டிஹெச், ஹாப்டோகுளோபின், ரெட்டிக் கவுண்ட், பெரிஃபெரல் ஸ்மியர் நாலு ரத்த டெஸ்டும் பாக்க சொல்லி கேளுங்க. எல்டிஹெச் ஏறி ஹாப்டோகுளோபின் இறங்கி ஸ்மியர்ல துண்டு துண்டா அணு தெரிஞ்சா உறுதி. அந்த கீழாநெல்லி வேணாம் தம்பி, அத்தை அன்பா தான் சொல்றாங்க, ஆனா அசிட்ரோம் போடறவங்களுக்கு டாக்டருக்கு தெரியாம எந்த மூலிகையும் குடுக்கக்கூடாது, ஐஎன்ஆர் எங்கயோ போயிடும்.

இன்னொண்ணு, நெஞ்சு மேல வெச்சு பாக்கற எக்கோவை மட்டும் வெச்சு முடிவு எடுக்காதீங்க. மெட்டல் வால்வோட நிழல் சரியா இடது மேல் அறை மேல விழுந்து லீக்கை மறைச்சுடும், மாடரேட்னு எழுதினது உள்ள சிவியரா கூட இருக்கலாம். தொண்டை வழியா குழாய் விட்டு பாக்கற டிஈஈ எக்கோ கட்டாயம் வேணும், முடிஞ்சா 3டி இருக்கற இடத்துல. அந்தக் குழாய் இதயத்துக்கு பின்பக்கமா போறதால நிழல் தொந்தரவு கிடையாது. வெறும் வயித்துல போகணும், தொண்டையில மரத்துப்போற ஸ்ப்ரே அடிப்பாங்க, கொஞ்சம் மயக்கமும் குடுப்பாங்க. ஓட்டை எத்தனை, எவ்ளோ நீளம், வளையம் ஆடுதா, கிருமி கட்டி இருக்கா, எல்லாம் அதுல தான் தெரியும். இது தெரியாம டிவைஸா ஆபரேஷனான்னு எங்க போய் கேட்டாலும் யாராலயும் சொல்ல முடியாது.

மடிப்பாக்கம்_ரமா

செந்தில், உங்க பதிவை படிச்சதும் எங்க வீட்டுல நடந்தது அப்படியே கண்ணு முன்னாடி வந்துது. என் வீட்டுக்காரருக்கும் மைட்ரல் மெட்டல் வால்வு தான், அவருக்கு ரத்தம் எல்லாம் குறையல, மூச்சுத்திணறல் மட்டும் தான், நுரையீரல்ல தண்ணி சேர்ந்து ரெண்டு தடவை அட்மிட் ஆனார். லாசிக்ஸ் ஊசி போட்டு தண்ணி எடுத்து அனுப்புவாங்க, கொஞ்ச நாள்ல திரும்ப அதே கதை. தண்ணி மாத்திரை ஓட்டையை அடைக்காது, பாரத்தை மட்டும் தான் குறைக்கும்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டார்.

அவருக்கு கிட்னியும் கொஞ்சம் வீக், அதனால ரீடூன்னா ரிஸ்க் ஜாஸ்தின்னு டிவைஸ் பண்ணாங்க. முழு மயக்கம் குடுத்து, தொடையில இருக்கற ரத்தக்குழாய் வழியா போய், மேல் அறைகளுக்கு நடுவுல இருக்கற சுவத்துல சின்னதா ஓட்டை போட்டு இடது பக்கம் வந்து, அங்கிருந்து கம்பியை லீக் வழியா நுழைச்சு, அதுல பின்னல் மாதிரி இருக்கற ஒரு ப்ளக்கை விரிச்சு விடறாங்க. டிஈஈ ஓடிக்கிட்டே இருக்கும், அதை பாத்து தான் பண்றாங்க. டிவைஸை கழட்டி விடறதுக்கு முன்னாடி மெட்டல் வால்வோட இதழ் தட்டாம முழுசா தெறந்து மூடுதான்னு எக்ஸ்ரே ஸ்க்ரீன்ல பார்த்துட்டு தான் விட்டாங்களாம், தட்டினா அப்படியே வெளிய இழுத்துட்டு வேற சைஸ் வெப்பாங்களாம். ஓட்டை பிறை மாதிரி வளைஞ்சு நீளமா இருந்ததால ஒண்ணு பத்தல, பக்கத்துலயே இன்னொண்ணும் வெச்சாங்க. டிவைஸ் ஒவ்வொண்ணுக்கும் தனி விலை, எத்தனை ஆகலாம்னு முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

முழுசா அடைக்கல, லேசா லீக் இன்னும் இருக்கு. ஆனா இப்ப மடிப்பாக்கம் மார்க்கெட்டுக்கு அவரே நடந்து போய் காய் வாங்கிட்டு வர்றார், எனக்கு அது போதும். மாத்திரை குறைஞ்சிருக்கே தவிர நிக்கல. இது ஏதோ புதுசா சோதனை பண்றாங்கன்னு என் மாமியார் பயந்தாங்க, 1992லயே இந்த மாதிரி தொடை வழியா அடைச்சு ரிப்போர்ட் பண்ணியிருக்காங்கன்னு டாக்டர் எடுத்து சொன்னப்புறம் தான் கையெழுத்து போட விட்டாங்க. ஆனா ஒண்ணு கண்டிப்பா கேளுங்க, இந்த பாராவால்வுலர் டிவைஸ் நீங்களே எத்தனை பண்ணியிருக்கீங்கன்னு. கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. ஸ்டென்ட் நிறைய வெக்கறவங்க எல்லாம் இதை பண்றதில்ல, கைப்பழக்கம் ரொம்ப முக்கியம்.

ராயபுரம்_அந்தோணி

செந்தில் தம்பி, அம்மாவுக்கு காய்ச்சல் இருந்துதா? நீ எழுதல, அதான் கேக்கறேன். சாயங்காலம் ஆனா லேசா குளிர் நடுக்கம், எடை குறையறது, இப்படி எதுவும்? சமீபத்துல பல்லு புடுங்கினாங்களா?

ஏன் கேக்கறேன்னா என் தம்பிக்கு அப்படித்தான். வால்வு வெச்சவன், பல்லுல சீழ், அதுக்கப்புறம் விட்டு விட்டு காய்ச்சல். தெருமுனை கிளினிக்ல ஆன்டிபயாட்டிக் குடுத்துட்டே இருந்தாங்க, நாலு நாள் நல்லாயிருக்கும், திரும்ப வரும். கடைசியில பெரிய ஆஸ்பத்திரியில பாத்தா வால்வு வளையத்தை சுத்தி கிருமி, எண்டோகார்டைட்டிஸ், தையல் அந்தப் பக்கம் பூரா விட்டுப்போய் வளையமே ஆடுது. கிருமி இருந்தா டிவைஸ் பேச்சே கிடையாது, கிருமி மேல போய் இன்னொரு பொருளை வெக்க முடியாது. வளையம் ஆடினாலும் ப்ளக் நிக்காது. அவனுக்கு ஓப்பன் பண்ணி வால்வையே எடுத்து புதுசு வெச்சாங்க, ஆறு வாரம் நரம்புல ஆன்டிபயாட்டிக்.

அதனால வால்வு வெச்சவங்க எல்லாருக்கும் சொல்றேன், காய்ச்சல் வந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போடாதீங்க. ஆன்டிபயாட்டிக் தொடறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுக்கணும், ஒண்ணு பத்தாது, வேற வேற இடத்துல குத்தி மூணு செட் எடுப்பாங்க. மருந்து உள்ள போயிட்டா கிருமி கல்ச்சர்ல வளராது, அப்புறம் எந்த கிருமின்னே தெரியாம வைத்தியம் பண்ணணும். பல்லு புடுங்க போனா வால்வு இருக்குன்னு முதல் வார்த்தையா சொல்லணும், ஒரு மணி நேரம் முன்னாடி அமாக்சிசிலின் 2 கிராம் போட்டுட்டு தான் பண்ணுவாங்க, அலர்ஜி இருந்தா வேற மருந்து. தினம் ரெண்டு வேளை பல்லு தேய்க்கறது அதை விட முக்கியம்னு டாக்டர் அடிச்சு சொன்னார்.

ரீடூன்னா உயிருக்கே ஆபத்துன்னு அம்மா நெனைக்க வேணாம். முதல் ஆபரேஷனை விட கஷ்டம் தான், இல்லன்னு சொல்லல, உள்ள எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், எலும்புக்கு அடியில இதயம் எவ்ளோ நெருக்கமா ஒட்டியிருக்குன்னு முன்னாடியே சிடி ஸ்கேன் எடுத்து பாத்துட்டு தான் தெறப்பாங்க. என் தம்பி இப்ப காசிமேட்டுல வலை கடையில உக்காந்து யாவாரம் பாக்கறான்.

வேளச்சேரி_ப்ரியா

நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும், எங்க சித்திக்கும் மெட்டல் வால்வு, ஐஎன்ஆர் ஏறி இறங்கி படுத்துது. இப்ப புது ரத்தம் இளக்கற மாத்திரை வந்திருக்கே, அதுக்கு டெஸ்டே வேணாமாமே, அதுக்கு மாறலாமா?

எக்கோலேப்_மீனா

ப்ரியா, மெட்டல் வால்வுக்கு அது கூடவே கூடாது. அந்த வகையில டாபிகாட்ரான் மாத்திரையை மெட்டல் வால்வு நோயாளிகளுக்கு குடுத்து பாத்த ஆராய்ச்சி 2013ல வந்துது, ரத்தக்கட்டியும் ஜாஸ்தி, ரத்தக்கசிவும் ஜாஸ்தின்னு பாதியிலயே நிறுத்திட்டாங்க. வார்ஃபரின், அசிட்ரோம் ரெண்டுல ஒண்ணு தான். சித்தி கீரை சாப்பிடறதை ஒரு வாரம் நிறைய, ஒரு வாரம் சுத்தமா இல்லன்னு மாத்தாம ஒரே அளவுல வெச்சுக்கட்டும், பாதி ஏற்ற இறக்கம் அதுலயே அடங்கும்.

செந்தில்_கொளத்தூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மீனா அக்கா சொன்ன டெஸ்ட் பேரை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போனேன், டாக்டர் பாத்துட்டு அவரே ஏற்கனவே டிஈஈ எழுத தான் இருந்தேன்னு சொன்னார்.

ரிசல்ட் வந்துடுச்சு. எல்டிஹெச் 1,400க்கு மேல, ஹாப்டோகுளோபின் ரொம்ப கம்மி, ஸ்மியர்ல ஒடஞ்ச அணு இருக்கு. அந்தோணி அண்ணா, காய்ச்சல் எதுவும் இல்ல, இருந்தாலும் கல்ச்சர் எடுத்தாங்க, எதுவும் வளரல. டிஈஈல ஓட்டை ஒண்ணே ஒண்ணு தான், வால்வை கடிகாரமா வெச்சு 10 மணி பக்கம்னு எழுதியிருக்காங்க, வளையம் ஆடல, இதழ் ரெண்டும் நல்லா தெறக்குது, ஆனா லீக் இப்ப சிவியர்னு போட்டிருக்கு. ஃபோலிக் ஆசிட், அயர்ன் ஆரம்பிச்சிருக்காங்க, ஒடஞ்ச அணுவுல இருக்கற இரும்பு யூரின்லயே போயிடுதாம். தண்ணி மாத்திரை போட்டதும் கால் வீக்கம் வடிஞ்சு ஒரு தலகாணியில படுக்கறாங்க.

இப்ப கார்டியாலஜிஸ்ட் சொல்றது, டிவைஸ் வெக்க தோதான ஓட்டை தான், ஆனா கொஞ்சம் மிச்சம் இருந்துட்டா ரத்தம் உடையறது நிக்காம போகலாம்னு. அம்மா டிவைஸ்னு ஒத்துக்கிட்டாங்க. இந்த ஒரு விஷயம் தான் மனசை அரிக்குது, யாருக்காவது அப்படி ஆச்சா?

பெரம்பூர்_குமரன்

ஆச்சு. என் அக்காவுக்கு ஆச்சு. ஓட்டை பெருசா இருந்தப்ப மூச்சு தான் வாங்கும், டிவைஸ் வெச்சப்புறம் மூச்சு சரியாயிடுச்சு, ஆனா மிச்சம் இருந்த சின்ன சந்துல ரத்தம் இன்னும் வேகமா போய் ஹீமோகுளோபின் மடமடன்னு இறங்கி ரத்தம் ஏத்திட்டே இருந்தாங்க. சில பேருக்கு டிவைஸ் மேல சதை மூடினதும் சில மாசத்துல தானா குறையுமாம், அதுக்காக காத்திருந்தோம், அவளுக்கு குறையல. கடைசியில ஓப்பன் பண்ணி டிவைஸையும் எடுத்து வால்வையும் மாத்தினாங்க. இப்ப நல்லா இருக்கா. பயமுறுத்த சொல்லல தம்பி, டிவைஸ் வெச்சா முடிஞ்சுதுன்னு நெனைச்சுட்டு இருந்தா அந்த சமயம் மனசு ஒடஞ்சுடும், அதுக்கு தான் சொல்றேன். உங்க அம்மாவுக்கு ஒரே ஓட்டை, வளையமும் ஆடல, என் அக்காவுக்கு மூணு இடத்துல இருந்துது.

எக்கோலேப்_மீனா

குமரன் சார் சொன்னது உண்மை. மூச்சு வாங்கறதுக்கு லீக் பாதியா குறைஞ்சாலே பெரிய நிம்மதி கிடைக்கும், ரத்தம் உடையறதுக்கு அப்படி இல்ல, கிட்டத்தட்ட முழுசா அடைக்கணும். உங்க அம்மாவுக்கு ரெண்டும் இருக்கறதால சர்ஜன் சொன்னதையும் தள்ளிட வேணாம். 53 வயசு தான், கிட்னி நுரையீரல் எல்லாம் நல்லா இருந்தா ரீடூவும் நியாயமான வழி தான். என் மனசுல பட்டதை சொல்றேன், கார்டியாலஜிஸ்டும் சர்ஜனும் ஒரே டேபிள்ல உக்காந்து அந்த டிஈஈ வீடியோவை பாத்து பேசற ஆஸ்பத்திரியா பாருங்க. ரெண்டு இடத்துல ரெண்டு பேரை தனித்தனியா பாத்தா நீங்க தான் நடுவுல மாட்டிப்பீங்க. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, வீடியோவை சிடியிலயோ பென்டிரைவ்லயோ கேட்டு வாங்குங்க, 2017 டிஸ்சார்ஜ் சம்மரியும் வால்வோட பேரும் சைஸும் இருக்கற கார்டும் கூட வெச்சுக்கோங்க.

டிவைஸ்னு முடிவானா, போறதுக்கு முன்னாடியே கேட்டு வையுங்க, மிச்ச லீக் இருந்தா அப்பவே ரெண்டாவது வெப்பீங்களா, எல்டிஹெச் எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை பாக்கணும், எந்த அளவுக்கு மேல ரீடூன்னு முடிவு பண்ணுவீங்கன்னு. அம்மா கிட்டயும் இப்பவே சொல்லிடுங்க, மறைக்காதீங்க.

செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்கா? வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு. கார்டு இல்லன்னா விஏஓ கிட்ட வருமான சான்று வாங்கிட்டு, ரேஷன் கார்டு ஆதாரோட ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு கவுன்டருக்கு போங்க. டிவைஸ் எந்த பேக்கேஜ்ல வரும், ரீடூ எதுல வரும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க்ல முன் அனுமதிக்கு போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜிஹெச்லயும் ஓமந்தூரார்லயும் கார்டியாலஜி, ஹார்ட் சர்ஜரி ரெண்டுமே ஒரே இடத்துல இருக்கு, ஒரு தடவை அங்கயும் காட்டிட்டு வாங்க.

செந்தில்_கொளத்தூர்

கார்டு இருக்குக்கா, அம்மா பேர்லயே இருக்கு. வீடியோ கேட்டு வாங்கிட்டேன். திங்கட்கிழமை ஓமந்தூரார் ஓபிக்கு போறோம். அங்க அட்மிஷன் தேதி குடுத்தா அசிட்ரோமை எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்? போன தடவை பல்லு க்ளீன் பண்ண போனப்ப ஒருத்தர் நிறுத்த சொன்னார், இன்னொருத்தர் வேணாம்னார்.

எக்கோலேப்_மீனா

நீங்களா ஒரு வேளை கூட நிறுத்தக்கூடாது. மைட்ரல்ல மெட்டல் வால்வு, கட்டி புடிச்சு இதழ் நின்னுட்டா லீக்கை விட பெரிய ஆபத்து. டிவைஸுக்கு ஒரு மாதிரி, ஆபரேஷனுக்கு ஒரு மாதிரி, அட்மிட் பண்ணி ஹெப்பாரின் ஊசிக்கு மாத்தி அவங்களே பாத்துப்பாங்க. எந்த தேதியில இருந்துன்னு டாக்டரையே சீட்டுல எழுதி தர சொல்லுங்க. வீட்டுல இருக்கற வரைக்கும் திடீர்னு மூச்சு முட்டினாலோ, வால்வோட டிக் டிக் சத்தம் எப்பவும் கேக்கறவங்களுக்கு அது மங்கிப்போன மாதிரி தெரிஞ்சாலோ, கை கால் ஒரு பக்கம் இழுத்தாலோ திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க, 108க்கு போன் பண்ணி நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க.